மெதுவாகப் போவதைப் பார்க்க என்ன இருக்கிறது என்பவர்களுக்கு

மோட்டார் பந்தயம் என்றால் வேகம். வேகமில்லாத வண்டியை உட்கார்ந்து பார்க்க என்ன இருக்கிறது? ஒக்கூர் டீக்கடையில் கைபேசியில் பாறையேற்றப் போட்டி ஒன்றை நான் காட்டியபோது பக்கத்திலிருந்த தம்பி, "எங்க ஐயா மாட்டுவண்டி இதைவிட வெரசாப் போகும்ணே" என்று எழுந்து போய்விட்டார். காரைக்குடியில் ஜீப் வேலை பார்க்கிற மெக்கானிக்குகளும் அதையேதான் சொல்கிறார்கள். விளையாட்டுப் பக்கம் எழுதுகிறவர்களின் நினைப்பும் அதுதான். இல்லாவிட்டால் ராக் கிராலிங் என்றொரு போட்டி உலகத்தில் நடப்பதே தமிழ் வாசகருக்குத் தெரியாமல் போயிருக்காது.

அவர்கள் தரப்பைக் குறை வைக்காமல் சொல்லிவிடுகிறேன். பந்தயம் என்பது முந்துவது. முந்துவது தெரிய வேண்டுமானால் இரண்டு வண்டிகளாவது சேர்ந்து ஓட வேண்டும். ராக் கிராலிங்கில் ஒரு நேரத்தில் ஒரே வண்டிதான், அதுவும் ஆள் நடக்கிற வேகத்துக்கும் கீழே. பாதி நேரம் நின்றபடியே உறுமுகிறது. பெரிய டயரும் கியரும்தான் பாறையில் ஏறுகின்றன, ஓட்டுகிறவர் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. நெஞ்சு பதைக்கிற ஆபத்தும் இல்லை. போதாததற்கு இது காசுள்ளவன் விளையாட்டு, மலையைக் கெடுக்கிற விளையாட்டு. இவற்றில் கடைசிக் குற்றச்சாட்டில் பாதி உண்மை இருக்கிறது, அதற்கு வருவேன். மற்றவை தவறு. ரசனை ஆளுக்கு ஆள் மாறும் என்று சொல்லி இதைக் கடந்துபோக முடியாது. வண்டி ஓட்டுவது என்றால் என்ன என்று நம் பிள்ளைகள் எதைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறார்கள் என்ற கேள்வி இதில் இருக்கிறது.

போட்டியின் முறை எளியது. பாறைகளுக்கு நடுவே இரண்டிரண்டு கூம்புகளாக நட்டு வாசல்கள் அமைத்திருப்பார்கள். அந்த வாசல்களை வரிசையாகக் கடக்க வேண்டும், பெரும்பாலும் 10 நிமிடக் கெடு. கூம்பில் வண்டி உரசினால் 10 புள்ளி தண்டம், பின்வாங்கினால் 1 புள்ளி. குறைந்த புள்ளி எடுத்தவர் வெல்கிறார். ஓட்டுநருக்கு வழிகாட்ட ஒருவர் வண்டிக்கு வெளியே பாறை மேல் நடந்து வருவார். தண்டப் புள்ளி போடுகிற இந்த முறை மோட்டார் சைக்கிள் டிரையல்ஸ் போட்டிகளிலும் உண்டு. ஸ்காட்லாந்தில் நூறாண்டுக்கு மேலாக நடக்கும் ஆறு நாள் டிரையலில் கால் தரையில் பட்டால் தண்டம். யார் முதலில் வந்தார் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. அமெரிக்காவில் ரூபிகான் பாதையில் 1953-லேயே ஜீப்காரர்கள் கூட்டமாகப் பாறை ஏறத் தொடங்கிவிட்டார்கள். நமக்குக் கிட்டத்தில், மலேசியாவில் 1997-ல் தொடங்கிய மழைக்காட்டுச் சவால் போட்டி 2014-ல் கோவாவுக்கு வந்தது. சேறு, ஓடை, பாறை எல்லாம் கலந்த அந்தப் போட்டி, நம் நாட்டின் பெரிய போட்டிகளில் ராக் கிராலிங்குக்கு மிக அருகில் வருவது. சிவகங்கைச் சீமையில் எனக்குத் தெரிந்து இப்படி ஒன்று நடந்ததில்லை.

1. வேகம் இல்லையென்றால் பந்தயம் இல்லையா? அப்படியானால் கிருஷ்ண ஜெயந்திக்கு ஊர் கூடி வழுக்குமரத்தைச் சுற்றி நிற்பது எதற்கு? எண்ணெய் தடவிய மரத்தில் ஒருவன் இரண்டு முழம் ஏறுகிறான், ஒன்றரை முழம் சறுக்குகிறான். கீழே நிற்கிறவன் தோளை மிதித்து மறுபடி ஏறுகிறான். மேலிருந்து தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கிறார்கள். ஒரு மணி நேரம் ஆகும். 'என்னப்பா இவ்வளவு மெதுவாக ஏறுகிறான்' என்று யாராவது வீட்டுக்குப் போனதுண்டா? இளவட்டக்கல் தூக்குவதைப் பார்க்கிற கூட்டம், கல் முழங்காலிலிருந்து நெஞ்சுக்கு வருகிற அந்த இடைவெளிக்காகத்தானே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது?

தேர் இன்னும் நல்ல சாட்சி. பிள்ளையார்பட்டியில் சதுர்த்தித் தேர் மூலை திரும்பும்போது வடம் பிடித்தவர்களை விட்டுவிட்டு, சக்கரத்துக்குப் பக்கத்தில் முட்டுக்கட்டையோடு ஓடுகிறவரைப் பாருங்கள். கட்டையை எந்தப் பக்கம், எவ்வளவு சாய்த்து, எந்த நொடியில் கொடுக்கிறார் என்பதில்தான் தேர் திரும்புகிறது. அரை அடி பிசகினால் வீட்டுத் திண்ணையில் போய் முட்டும். அனுபவப்பட்ட பெரியவர்கள் தேரைப் பார்ப்பதில்லை, அந்தக் கட்டையைத்தான் பார்க்கிறார்கள். மெதுவான காரியத்தில் எங்கே கண்ணை வைக்க வேண்டும் என்று நமக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரியும். மோட்டார் வண்டி என்று வந்ததும் அந்தக் கண்ணை மூடிக்கொள்கிறோம்.

2. வேகம் பார்க்கிறவனுக்கு எதைக் காட்டுகிறது? இந்தக் கேள்வியை வேகத்தின் பக்தர்கள் தங்களிடமே கேட்டுக்கொண்டதில்லை. 2024 ஆகஸ்ட் கடைசியில் சென்னை தீவுத்திடலைச் சுற்றி மூன்றரை கிலோமீட்டர் பாதையில் ஃபார்முலா 4 கார்கள் ஓடின. மணிக்கு 150 கிலோமீட்டரில் வருகிற கார் ஒரு நொடியில் ஏறக்குறைய 42 மீட்டர் கடக்கும். கண்ணெதிரே 80 மீட்டர் பாதை தெரிகிற நல்ல இடமே கிடைத்தாலும் ஒரு கார் இரண்டு நொடி தெரியும். அப்புறம் சத்தம்தான். எங்கே பிரேக் பிடித்தார், ஏன் உள்பக்கம் விட்டார் என்பதெல்லாம் திரையில் விளக்கினால் உண்டு. அந்த ஓட்டுநர்களின் திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. அது அபாரமான திறமை. ஆனால் நேரில் போய் நிற்கிறவன் கண்ணுக்கு அந்தத் திறமை எட்டுவதே இல்லை.

நம் பக்கத்து மாட்டுவண்டிப் பந்தயத்திலும் இதே கதைதான். பெரிய மாடு, நடு மாடு, கரிச்சான் மாடு, பூஞ்சிட்டு என்று பிரித்து ரோட்டில் போய்வர ஓட்டுகிறார்கள். ஓரத்தில் நிற்கிறவனுக்குப் புழுதியும் சலங்கைச் சத்தமும்தான் மிச்சம். அதனால்தான் பைக்கில் கூட்டமாகப் பின்னால் துரத்திக்கொண்டு போகிறார்கள், விழுந்து எழுகிறார்கள், சில பேர் எழுவதில்லை. பார்க்கிற ஆசை நியாயமானது, ஆனால் வேகம் பார்க்க விடுவதில்லை.

வேகத்தைப் புகழ நம்மூர் மாசாத்தியாரையே துணைக்கு அழைக்கிறவர்கள் உண்டு. அகநானூற்றின் 384-ஆம் பாட்டு ஒக்கூர் மாசாத்தியார் பாடியது. போர் முடிந்து திரும்பும் தலைவன், காற்றைப் பூட்டினாயா, உன் மனத்தைப் பூட்டினாயா என்று தேர்ப்பாகனைக் கேட்டு வியக்கிறான். உண்மைதான். ஆனால் அந்தப் பாட்டில் அவன் என்ன ஒப்புக்கொள்கிறான் என்று பாருங்கள். தேரில் ஏறியது தெரியும், வந்த விதம் தெரியாது என்கிறான். முல்லை நிலத்து வழியெல்லாம் பாட்டில் இருக்கிறது, அவன் கண்ணில்தான் இல்லை. வீட்டுக்குப் போக வேண்டிய அவசரத்தில் இருப்பவனுக்கு அது பொருந்தும். வழியைப் பார்ப்பதற்கென்றே வந்து உட்கார்ந்தவனுக்கு எப்படிப் பொருந்தும்? அந்தப் பாட்டில் கடைசியில் வீட்டுக்குள் அழைத்துப்போய் விருந்து வைக்கப்படுகிறவன் பாகன். மாசாத்தியாருக்குக் குதிரையை விட அதை நடத்தியவன் பெரிதாகத் தெரிந்திருக்கிறான்.

3. வண்டிதான் ஏறுகிறது, மனிதன் சும்மா உட்கார்ந்திருக்கிறான் என்பது கியர்பெட்டி தெரிந்தவர்களே சொல்கிற குறை. அவர்கள் பாஷையிலேயே பதில் சொல்கிறேன். முதல் கியரில் 4, டிரான்ஸ்பர் கேஸின் லோ ரேஞ்சில் 2.5, அச்சில் 4 என்று வைத்தால் மூன்றையும் பெருக்கினால் 40. எஞ்சின் 40 சுற்று சுற்றும்போது சக்கரம் ஒரு சுற்று. ஐடிலிங்கில் நிமிடத்துக்கு 800 சுற்று என்றால் சக்கரம் 20 சுற்று, ஏறக்குறைய 46 மீட்டர், அதாவது மணிக்கு மூன்று கிலோமீட்டர்கூட இல்லை. அதே 40 மடங்கு சக்கரத்தின் முறுக்குவிசையிலும் கூடுகிறது. ஆக, பாறை ஏறத் தேவையான விசை தாராளமாக இருக்கிறது. சிக்கலே அதில்தான் தொடங்குகிறது.

டயருக்கும் பாறைக்கும் நடுவே உள்ள பிடிக்கு ஓர் அளவு உண்டு. அதற்கு மேல் விசை கொடுத்த நொடியில் சக்கரம் வழுக்கும். வழுக்கத் தொடங்கிய டயருக்கு, நின்ற டயரை விடப் பிடி குறைவு. அதனால் பதறி ஆக்சிலேட்டரை அழுத்துகிறவன் இன்னும் கீழேதான் போவான். காற்றழுத்தத்தை 30 பிஎஸ்ஐ-யிலிருந்து 12, 15 வரை இறக்கி டயரைப் பாறையில் படர விடுவது, பிரேக்கையும் ஆக்சிலேட்டரையும் ஒரே நேரத்தில் பிடித்துச் சக்கரத்தை அடக்குவது, டிஃப் லாக்கை எங்கே போடுவது, எங்கே எடுப்பது என்பதெல்லாம் ஒவ்வொரு பாறையிலும் புதிதாக எடுக்க வேண்டிய முடிவுகள். இதில் இயந்திரம் எந்த முடிவையும் எடுப்பதில்லை.

கேரளத்தில் கைவிட்ட கல்குவாரி ஒன்றில் பார்த்ததைச் சொல்கிறேன். பழைய மஹிந்திரா ஜீப். முன் இடது சக்கரம் இடுப்புயரப் பாறையின் விளிம்பைப் பிடித்திருந்தது, டயரின் பக்கச் சுவர் பிதுங்கியிருந்தது. பின் வலது சக்கரம் தரையை விட்டு ஒரு முழம் மேலே. ஓட்டுகிற பெண்ணுக்குக் கண்ணாடி முழுக்க வானம்தான் தெரிந்திருக்கும், பானெட்டுக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரிய வழியே இல்லை. கீழே நின்றவர், நம் வண்டிப் பந்தயத்தில் துணைச் சாரதி என்போமே அந்த வேலைக்காரர், குனிந்து வண்டியின் அடிவயிற்றைப் பார்த்தார். அச்சு உருளைக்கும் பாறைக்கும் நடுவே நான்கு விரல் இடம். முன்னால் போனால் வலப்பக்கக் கூம்பு சாயும், 10 புள்ளி தண்டம் விழும். இரண்டு உள்ளங்கையையும் தன் பக்கமிருந்து வெளியே தள்ளிக் காட்டினார். அந்தப் பெண் ஒரு நொடிகூட யோசிக்காமல் ரிவர்ஸ் போட்டு அரை அடி பின்னால் விட்டார். 1 புள்ளி தண்டம். பக்கத்தில் நின்ற கல்லூரிப் பையன்கள் எல்லாருக்கும் அந்தக் கணக்கு புரிந்துவிட்டது. பத்தைக் காப்பாற்ற ஒன்றைக் கொடுத்துவிட்டார்கள் என்று கைதட்டினார்கள். ஸ்டியரிங்கை ஒரு கட்டம் திருப்பி மறுபடி ஏறினார், இந்த முறை வண்டி தாண்டியது. எந்த முடிவு, ஏன், அதன் பலன் என்ன என்று மூன்றையும் கண்ணெதிரே, அந்த இடத்திலேயே, விளக்கம் சொல்ல ஆளில்லாமல் நான் பார்த்த மோட்டார் போட்டி இது ஒன்றுதான்.

4. ஆபத்து இல்லாவிட்டால் விறுவிறுப்பு ஏது என்கிறீர்களா? இந்த வாதத்தைச் சொல்கிறவர்கள் அது எங்கே கொண்டுபோய் விடும் என்று யோசித்துத்தான் சொல்கிறார்களா என்று கேட்க வேண்டியிருக்கிறது. 1955-ல் பிரான்ஸின் லெ மான் பந்தயத்தில் ஒரு கார் கூட்டத்துக்குள் பாய்ந்ததில் செத்தவர்கள் 80 பேருக்கு மேல், ஏறக்குறைய எல்லாருமே வேடிக்கை பார்க்க வந்தவர்கள். 2010 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் மோஹாவி பாலைவனத்தில் இரவுப் பந்தயத்தின்போது வேகமாகத் தாவி வந்த ஆஃப்ரோடு வண்டி கவிழ்ந்ததில் பார்வையாளர்கள் எட்டுப் பேர் இறந்தார்கள். அதுவும் ஆஃப்ரோடுதான், ஆனால் கொன்றது வேகம். நம்மூருக்கு வந்தால், 2024 பொங்கலுக்குச் சிராவயல் மஞ்சுவிரட்டில் ஒரு சிறுவன் உட்பட இருவர் இறந்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க முடியாது. பார்க்க வந்தவன் பிணமாகப் போவதுதான் விறுவிறுப்புக்கு விலையா?

ராக் கிராலிங்கில் ஆபத்தே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். வண்டி உருளும். சாய்வுக்குக் கீழ்ப்பக்கம் நிற்கிறவன் முட்டாள்தனம் செய்கிறான். ஆனால் உருள்வதற்கு முன் வண்டி சாய்வது தெரியும், உள்ளே இருக்கிறவர் உருள்காப்புக் கம்பிக்கூண்டுக்குள் பெல்ட்டோடு இருக்கிறார், விலக நேரம் இருக்கிறது. நெஞ்சு பதைக்கவும் செய்யும். இரண்டு சக்கரம் அந்தரத்தில் நிற்க ஒரு ஜீப் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் ஆடுகிற அந்த நேரத்தில் கூட்டத்தில் ஒரு சத்தம் இருக்காது.

இங்கேதான் என் உண்மையான சண்டை. 2022-ல் தமிழ்நாட்டில் நடந்த சாலை விபத்துகள் 64,105. அந்த ஆண்டு இந்தியாவிலேயே நாம்தான் முதலிடம். இறந்தவர்கள் 17,884 பேர், உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்தபடி. நாடு முழுக்க அந்த ஆண்டு சாலையில் செத்தவர்களில் நூற்றுக்கு எழுபது பேருக்கு மேல் அதிவேகத்தால் செத்தார்கள் என்பது மத்திய அரசின் கணக்கு. பந்தயத் தடத்தைப் பார்த்ததால்தான் இவர்கள் வேகமாகப் போனார்கள் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல ஆதாரமில்லை. ஆனால் 'நல்லா ஓட்டுவான்' என்று ஒருவனை நாம் புகழும்போது எதைப் புகழ்கிறோம்? காரைக்குடியிலிருந்து மதுரைக்கு எத்தனை நிமிடத்தில் போனான் என்பதைத்தான். திரையில் புகழ்வதும் அதையே, மேடையில் பரிசு கொடுப்பதும் அதற்கே. சக்கரம் எங்கே வைக்கிறோம், எப்போது நிறுத்துகிறோம், எப்போது பின்வாங்குகிறோம் என்பதற்குப் புள்ளி போடுகிற ஒரு போட்டியை ஒரு பையன் ஒருமுறை பார்த்தால் அவன் மாறிவிடுவான் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. ஆனால் ஓட்டுவதில் வேறொரு திறமையும் உண்டு, அதற்கும் கைதட்டல் கிடைக்கும் என்பதாவது அவனுக்குத் தெரியட்டும். இப்போது அதுகூடத் தெரிவதில்லை.

5. பணக்காரன் விளையாட்டு என்கிற குறைக்கு நீண்ட பதில் தேவையில்லை. பந்தய மாட்டு ஜோடி இந்தப் பக்கத்தில் பல லட்சத்துக்குக் கைமாறுகிறது, அதை யாரும் ஏழைக்கு எதிரானது என்று சொல்வதில்லை. ஃபார்முலா காருக்கு ஆகிற செலவில் எத்தனை பழைய ஜீப்பைப் பாறைக்குத் தயார் செய்யலாம் என்று எந்த லேத் பட்டறையிலும் கேட்டுப் பார்க்கலாம். கம்பிக்கூண்டு வெல்டிங், ஸ்பிரிங் வேலை, அச்சு வேலை எல்லாம் நம் ஊர்ப் பட்டறைக் கைகளால் முடிகிற வேலைதான். நான் பேசுவதோ பார்க்கிறவனைப் பற்றி. அவனுக்கு வேண்டியது தலைக்கு ஒரு துண்டும் உட்கார ஓர் இடமும்தான்.

6. மலையைக் கெடுக்கும் என்பதில் பாதி உண்மை என்றேன். அந்தப் பாதியை முழுதாகவே ஒப்புக்கொள்கிறேன். 2022 மே மாதம் வாகமண்ணில் தேயிலைத் தோட்டத்துக்குள் அனுமதியின்றி நடந்த ஆஃப்ரோடு போட்டி வழக்கில் போய் முடிந்தது, முடிய வேண்டியதும்தான். நம் பக்கத்தில் 'பாறைதானே, சும்மாதானே கிடக்கு' என்று யாராவது ஆரம்பித்தால் முதல் ஆளாக எதிர்த்து நிற்பேன். சிவகங்கைத் திருமலையில் பழைய பாறை ஓவியங்களும் சமணர் படுக்கைகளும் இருக்கின்றன. அரிட்டாபட்டி 2022 நவம்பரில் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமானது. அங்கே டங்ஸ்டன் தோண்ட விட்ட ஏலத்தை ஊர் கூடி எதிர்த்து, 2025 ஜனவரியில் மத்திய அரசை ரத்துசெய்ய வைத்தார்கள். வெறும் பாறை என்று நாம் சொல்கிற இடத்தில் சுனை இருக்கிறது, அதன் சரிவில் இறங்குகிற மழைத் தண்ணீர்தான் கீழே கண்மாயை நிறைக்கிறது. அங்கெல்லாம் ஒரு டயர்கூடப் படக்கூடாது.

ஆனால் இது எங்கே நடத்தக்கூடாது என்பதற்கான வாதம். எதை நடத்தக்கூடாது என்பதற்கான வாதமாக அதை மாற்ற முடியாது. காடு அழியும் என்பதற்காகச் சாலையே வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லையே. ராக் கிராலிங்குக்கு மலையே தேவையில்லை. வெளிநாடுகளில் மைதானத்தில் பாறைகளை லாரியில் கொண்டுவந்து கொட்டி, அடுக்கி, போட்டி நடத்திவிட்டு அள்ளிக்கொண்டு போகிறார்கள். கழிவுக் கல்லுக்கு மட்டும் நம் மாவட்டத்திலும் மேலூர்ப் பக்கத்திலும் பஞ்சமில்லை. கைவிட்ட குவாரிக்குள்ளேயே நடத்தலாம் என்பவர்கள் 2025 மே மாதத்தை நினைத்துக்கொள்ள வேண்டும். மல்லாக்கோட்டைக் குவாரியில் பாறை சரிந்து தொழிலாளர்கள் மாண்டார்கள். நெட்டுக்குத்தான குவாரிச் சுவரின் அடியில் ஒரு கூட்டத்தை நிறுத்துவது கொலைக்குச் சமம். கேரளத்தில் நான் பார்த்த குவாரி ஆழமில்லாத, மூன்று பக்கமும் திறந்த குவாரி. அப்படி இல்லையென்றால் குவாரி வேண்டாம், கல்லை வெளியே கொண்டுவந்து கட்டாந்தரையில் அடுக்குவதே சரி.

7. இங்கே நடத்தினால் யார் வருவார்கள்? இந்தக் கடைசிக் கேள்விதான் எனக்குப் புரியவே இல்லை. மாசி மகத்தன்று அரளிப்பாறைக்குப் போய்ப் பாருங்கள். மஞ்சுவிரட்டுக்கு வந்த கூட்டம், பாறை தெரியாத அளவுக்கு அதன்மேல் ஏறி, கொதிக்கிற வெயிலில், கைப்பிள்ளையோடு, முறுக்கும் மோருமாக மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறது. எந்த மாடு நின்று விளையாடும், எது ஓடிப்போகும், எவன் திமிலைப் பிடிக்கிறான், எவன் கொம்பைப் பார்த்ததும் ஒதுங்குகிறான் என்று அந்தக் கூட்டத்தில் உள்ள ஆத்தாக்கள்கூடச் சொல்வார்கள். இவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கத் தெரிந்த சனத்துக்கு, ஒரு சக்கரம் பாறையில் எங்கே வைக்கப்படுகிறது என்று பார்க்கத் தெரியாது என்று எந்த ஆதாரத்தில் சொல்கிறோம்?

நடத்துகிறவர்களிடம் கறாராகக் கேட்க வேண்டியவை இருக்கின்றன. கீழ்ச்சரிவில் ஒருவரும் நிற்காதபடி கயிறு கட்ட வேண்டும். சிக்கிய வண்டியை இழுக்கும் வின்ச் கம்பி இழுபடும்போது அதன் நேர்க்கோட்டில் ஆள் இருக்கக்கூடாது, அறுந்தால் அது வெட்டிவிடும். ஒவ்வொரு வண்டிக்கும் கம்பிக்கூண்டும் தீயணைப்பானும் இருக்க வேண்டும். சிந்துகிற எண்ணெயை மண்ணில் விடாமல் பிடிக்க ஏற்பாடு வேண்டும், ஆம்புலன்ஸ் நிற்க வேண்டும், மஞ்சுவிரட்டுக்குப் போல மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் அனுமதி தரக்கூடாது என்பதே என் நிலை. மறுப்பதானால் எது குறைகிறது என்று எழுதி மறுக்கட்டும். அதில் பார்க்க ஒன்றுமில்லை என்பதை ஒரு காரணமாக யாரும் நீட்டக்கூடாது.